தீர்ப்பு வந்துவிட்டது, ஹக்கு யாருடையது?

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின், மஹல்லாவின் பெரியவர் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். நான் அருகில் சென்றதும் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"ஹஜ்ரத், அப்பீல் நமக்குச் சாதகமா ஆயிடுச்சு. ஜெயிச்சா பள்ளிக்குப் புதுப் பாய் வாங்கிப் போடுறதா நேர்ச்சை பண்ணியிருந்தேன். இதை வச்சுக்குங்க" என்றார்.

"என்ன வழக்கு, பாய்?" என்று கேட்டேன்.

சொன்னார். அவருடைய அத்தா விட்டுச் சென்றது 9 மா நஞ்சை. உம்மா முன்பே மவுத்தாகி விட்டார்கள். வாரிசு என்று இருப்பது இவரும், வெளியூரில் கட்டிக் கொடுத்த ஒரு தங்கையும்தான். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் தங்கைக்குச் சேர வேண்டியது 3 மா. பல ஆண்டுகளாக முழு நிலத்தையும் இவரே பயிர் செய்து வந்தார். தங்கை பங்கு கேட்டபோது, அவர் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். வழக்கு நடந்தது. முன்சீப் கோர்ட் தங்கையின் பேச்சை நம்பிப் பாகம் பிரிக்கச் சொன்னது. இவர் அப்பீல் போனார். சப்கோர்ட் பத்திரத்தை நம்பி, அது செல்லும் என்றது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தங்கச்சி கையெழுத்துப் போட்டப்போ, அது என்ன பத்திரம்னு அவங்களுக்குத் தெரியுமா, பாய்?"

வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சொசைட்டியில கடன் வாங்கணும்னு சொல்லித்தான் பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்." உடனே தலையை நிமிர்த்தி, "ஆனா கோர்ட்டே சொல்லிடுச்சே, ஹஜ்ரத்!" என்றார்.

கவரை வாங்க என் கை எழவில்லை.

'கோர்ட்டே சொல்லிவிட்டது' என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அவருடைய பெயரையும் ஊரையும் நான் எழுதவில்லை. விஷயத்தை மட்டும் எழுதிக்கொள்ள அவரே அனுமதி தந்தார். நம்மில் எத்தனையோ வீடுகளில் இதே கதை வேறு பெயர்களில் நடந்து கொண்டிருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

அப்பீல் செய்வது கூடுமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு தீர்ப்பு தவறு என்று தோன்றினால், மேலே எடுத்துச் சென்று மறுபடி பார்க்கச் சொல்வது மார்க்கத்துக்கு விரோதமானதல்ல. தீர்ப்பளிப்பவர் மனிதர், மனிதரிடம் தவறு நேரும். முழு முயற்சி செய்து ஆராய்ந்து தீர்ப்பளித்த நீதிபதி சரியாகச் சொன்னால் இரண்டு கூலி என்றும், தவறிப் போனாலும் ஒரு கூலி என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. தவறு நேரலாம் என்பதை மார்க்கமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, அந்தத் தவறைத் திருத்தும் வழியை அடைக்குமா?

குர்ஆன் ஷரீபில் அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79-ஆம் ஆயத்துகளைப் பாருங்கள். நிலத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் பற்றிய வழக்கு ஒன்று அங்கே சொல்லப்படுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வழக்கு நபி தாவூது (அலை) அவர்களிடம் வந்தது. தப்ஸீர் கிதாபுகளில் இமாம்கள் விவரிப்பதாவது: அழிந்த பயிரின் மதிப்புக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடும்படி தாவூது (அலை) தீர்ப்புச் செய்தார்கள். மகனார் ஸுலைமான் (அலை) அவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். ஆடுகள் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும். அவற்றின் பாலையும் ரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் நிலத்தை எடுத்து, பழையபடி பயிர் வரும்வரை பாடுபடட்டும். அதன்பின் நிலம் நிலத்துக்காரருக்கு, ஆடு ஆட்டுக்காரருக்கு. நஷ்டப்பட்டவருக்கு நஷ்டம் நிவர்த்தியாயிற்று. மற்றவருடைய முதலும் அழியவில்லை.

தாவூது (அலை) அவர்கள் அந்தத் தீர்ப்பையே ஏற்றுக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அல்லாஹ் ஸுலைமானுக்கு விளக்கத்தைக் கொடுத்ததாகக் கூறிவிட்டு, இருவருக்குமே ஞானமும் கல்வியும் அருளியதாகப் புகழ்கிறான். முதல் தீர்ப்பு மாறியது. முதல் நீதிபதியின் கண்ணியம் குறையவில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதம் நீதித்துறைக்கு ஒரு சாசனமாகவே உலமாக்களால் போற்றப்படுகிறது. நேற்று நீர் ஒரு தீர்ப்புச் சொல்லி, இன்று மறுபடி யோசித்ததில் உண்மை வேறு என்று தெரிந்தால், நேற்றைய தீர்ப்பு உம்மை உண்மைக்குத் திரும்பவிடாமல் தடுக்க வேண்டாம் என்ற கருத்தை அதில் அவர்கள் வற்புறுத்தினார்கள்.

அதே சமயம் வழக்குக்கு ஒரு முடிவும் வேண்டும். ஒரு காழியின் தீர்ப்பு குர்ஆன், ஹதீஸின் தெளிவான சட்டத்துக்கோ, இஜ்மாவுக்கோ முரணாக இருந்தால் அது முறிக்கப்படும். வெறும் அபிப்பிராய பேதத்துக்காக இன்னொரு காழி வந்து முறிக்கக் கூடாது என்று ஃபிக்ஹு கிதாபுகள் சொல்கின்றன. இல்லாவிட்டால் எந்த நிலத்துக்கும் நிலையான சொந்தக்காரர் இருக்கமாட்டார்.

கோர்ட்டின் படிகள்

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 96-வது பிரிவில் முதல் அப்பீலுக்கு வழி செய்கிறது. ஜில்லா கோர்ட், சப்கோர்ட் போன்றவற்றுக்குப் போவதானால் கெடு 30 நாள். ஐகோர்ட்டுக்குப் போவதானால் 90 நாள். இந்த முதல் அப்பீலில் சாட்சிகள் சொன்னது, பத்திரங்கள், சட்டம் எல்லாவற்றையும் மேல்கோர்ட் மறுபடி எடைபோட்டுப் பார்க்கலாம்.

அங்கும் தோற்றவர் 100-வது பிரிவின்படி ஐகோர்ட்டுக்கு இரண்டாவது அப்பீல் போகலாம். ஆனால் 1976-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கனமான சட்டப் பிரச்சினை ஒன்று அதில் அடங்கியிருக்க வேண்டும். சாட்சி சொன்னது மெய்யா பொய்யா, கையெழுத்துப் போட்டவருக்கு விவரம் தெரியுமா தெரியாதா என்பவை போன்ற நடப்பு விஷயங்களைச் சாதாரணமாக அங்கே மறுபடி கிளறமாட்டார்கள். அதற்கும் மேலே சுப்ரீம் கோர்ட். அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவின்படி, கோர்ட்டாரின் சிறப்பு அனுமதி கிடைத்தால்தான் அங்கே நுழைய முடியும்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. அப்பீல் மனுப் போட்டுவிட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுபோகாது. தடையுத்தரவு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சகோதரர்களே! இந்தப் படிகளைச் சற்று உற்று நோக்குங்கள். மேலே போகப் போக வாசல் குறுகுகிறது. முதல் கோர்ட்டில் நடந்ததெல்லாம் பேசப்படுகிறது. இரண்டாம் அப்பீலில் சட்டம் மட்டும் பேசப்படுகிறது. அந்தத் தங்கை இப்போது ஐகோர்ட்டுக்குப் போனால், எந்த ஒரு விஷயம் அந்த வழக்கின் உயிராக இருக்கிறதோ, அதை அங்கே எடுத்துச் சொல்வதே அவருக்குக் கஷ்டம். கோர்ட் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் உலகத்தில் இருவர். ஒருவர் அந்தத் தங்கை. மற்றவர் முதல் ஸஃப்பில் நிற்கும் அந்த அண்ணன்.

சுப்ரீம் கோர்ட்டுக்கும் மேலே ஒரு மஹ்கமா இருக்கிறது. அங்கே முறை தலைகீழ். வக்கீலின் வாதம் இல்லை, கெடு தாண்டிவிட்டது என்ற தள்ளுபடி இல்லை, முத்திரைத்தாள் இல்லை. உள்ளத்தில் நீ அறிந்திருந்தது என்ன என்ற ஒரே கேள்விதான் அங்கே வழக்கு.

நெருப்புத் துண்டு

உம்முல் முஃமினீன் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றை, வழக்கில் உள்ள ஒவ்வொருவரும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதன் கருத்து இது: நானும் ஒரு மனிதன்தான். நீங்கள் உங்கள் வழக்குகளை என்னிடம் கொண்டு வருகிறீர்கள். உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கலாம். நானும் கேட்டதை வைத்து அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் செய்துவிடலாம். அப்படி ஒருவருக்கு அவருடைய சகோதரரின் ஹக்கிலிருந்து எதையேனும் நான் கொடுத்துவிட்டால், அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டுதான்.

இதைச் சொன்னவர்கள் யார்? வஹீ இறங்கிய நபி. தீர்ப்பளித்த இடம் எது? மதீனா. அந்த மஹ்கமாவின் தீர்ப்பே ஒருவருக்குச் சேராத பொருளை ஹலாலாக்காது என்றால், நம் ஊர் சப்கோர்ட்டின் தீர்ப்பு ஆக்குமா? 'கோர்ட்டே சொல்லிவிட்டது' என்ற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஷாபிஈ மத்ஹபில் சட்டம் தெளிவானது. தீர்ப்பு வெளிரங்கத்தில் செல்லும். அந்தரங்கத்தில் ஹராமை ஹலாலாக்காது. ஹனபி கிதாபுகளில் சிலவகை ஒப்பந்தங்களைப் பற்றித் தனியான விவாதம் உண்டு. ஆயினும் பொய்யென்று தெரிந்தே சாட்சியும் பத்திரமும் காட்டித் தீர்ப்பு வாங்கியவன் பெரும் பாவி என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 188-ஆம் ஆயத்தும், பிறர் பொருளைத் தவறான முறையில் உண்ண வேண்டாம் என்றும், அறிந்துகொண்டே அதில் ஒரு பகுதியைப் பாவமான முறையில் உண்பதற்காக அதை அதிகாரிகளிடம் கொண்டு செல்ல வேண்டாம் என்றும் தடுக்கிறது. 'அறிந்துகொண்டே' என்பதில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஹள்ரமவ்த்துக்காரர் ஒருவரும் கிந்தா கோத்திரத்தார் ஒருவரும் நிலத் தகராறு ஒன்றை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். என் தகப்பனாரின் நிலத்தை இவர் பிடுங்கிக் கொண்டார் என்றார் முதலாமவர். நிலம் என் கையில் இருக்கிறது, நான் பயிர் செய்கிறேன் என்றார் மற்றவர். ஆதாரம் உண்டா என்று கேட்டபோது முதலாமவரிடம் இல்லை. அப்படியானால் எதிராளி சத்தியம் செய்யட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்புச் செய்தார்கள். சத்தியம் செய்ய அவர் எழுந்தபோது, பொய்ச் சத்தியத்தால் பிறர் பொருளைப் பறிப்பவன் மறுமையில் அல்லாஹ்வைச் சந்திக்கும் நிலையைப் பற்றி எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் அறிவிப்பில், அந்த எச்சரிக்கையைக் கேட்டதும் கிந்தாக்காரர், நிலம் அவருடையதுதான் என்று சொல்லிவிட்டார். ஆதாரம் இல்லாததால் வழக்குத் தோற்கலாம், ஹக்கு தோற்பதில்லை. அது உரியவர் பெயரில் அப்படியே நின்று கொண்டிருக்கும்.

ஜெயிப்பதற்கல்ல, சலிக்க வைப்பதற்கு

இனி நம்மிடையே பரவியுள்ள ஒரு நோயைப் பற்றிப் பேச வேண்டும். தோற்போம் என்று தெரிந்தே சிலர் அப்பீல் போகிறார்கள். 'அவன் எத்தனை காலம் கோர்ட்டுக்கு அலைவான் பார்ப்போம்' என்பதுதான் அவர்கள் கணக்கு. ஒரு வாய்தா, அதன்மேல் ஒரு வாய்தா. வக்கீல் வரவில்லை, வாரிசைச் சேர்க்க வேண்டும், நகல் கிடைக்கவில்லை. இதற்குள் வழக்குப் போட்ட தகப்பன் மவுத்தாகி, பிள்ளைகள் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள். நிலத்தின் விளைச்சலோ தவறு செய்தவர் களஞ்சியத்துக்கு ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கிறது.

வசதியுள்ளவன் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸ் ஷரீபில் வந்திருக்கிறது. இன்னும் கடுமையான ஒன்று: தன் பக்கம் பொய் என்று அறிந்துகொண்டே வழக்காடுபவன், அதிலிருந்து விலகும்வரை அல்லாஹ்வின் கோபத்திலேயே இருப்பதாக ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. கவனியுங்கள், தோற்கும்வரை என்று வரவில்லை, விலகும்வரை என்று வந்திருக்கிறது. அப்பீல் 10 ஆண்டு நடந்தால், அந்த 10 ஆண்டின் ஒவ்வொரு ஸுப்ஹும் ஒவ்வொரு நோன்பும் அந்தக் கோபத்தின் நிழலில்தான் கழிகிறது. அப்படிப்பட்டவருக்குத் தவ்பாவின் முதல் படி, வழக்கை வாபஸ் வாங்குவதே.

வழக்கில் துணை நிற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தெரிந்தே பொய்ச் சாட்சி சொல்ல வரும் பக்கத்து நிலத்துக்காரர், 'விடாதே, மேலே போ' என்று தூண்டிவிடும் மச்சான், எல்லாம் தெரிந்தும் 'குடும்ப விஷயம்' என்று வாய்மூடி இருக்கும் பெரியவர், இவர்களெல்லாம் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நஷ்ட ஈட்டின் கணக்கு

நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? தீராது. அநியாயமாக அனுபவித்த காலத்துக்கு என்ன பதில்? ஷாபிஈ மத்ஹபில், பிறர் சொத்தைப் பறித்து வைத்திருந்தவர் அந்தக் காலத்துக்குரிய நியாயமான வாடகையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர், தாமே பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்தாலும் சரி. ஹனபி மத்ஹபில் பொதுவாக அனுபவப் பலனுக்கு ஈடு இல்லை என்றாலும், வக்பு சொத்து, எத்தீமின் சொத்து, வாடகைக்கென்றே வைக்கப்பட்ட சொத்து இவற்றில் ஈடு உண்டு என்று பிற்கால உலமாக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். நாட்டுச் சட்டமும், நிலத்தைச் சட்ட விரோதமாக வைத்திருந்தவர் அதிலிருந்து பெற்ற வருமானத்தையும், சாதாரண முயற்சியில் பெற்றிருக்கக்கூடிய வருமானத்தையும் வட்டியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. வட்டி நமக்கு ஆகாது. அதை விட்டுவிட்டு முதலை மட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நஷ்ட ஈடு கேட்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுடைய ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து பாழாக்கிவிட்டது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு என்றும், இரவில் கால்நடை செய்யும் சேதத்துக்கு அதன் சொந்தக்காரர் பொறுப்பு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்புச் செய்தார்கள். சேதத்துக்கு ஈடு உண்டு. ஆனால் யார் பொறுப்பு, எந்த அளவு என்பதற்கு எல்லையும் உண்டு. ஆயிரம் ரூபாய்ச் சேதத்துக்குப் பத்தாயிரம் என்று எழுதி, 'கோர்ட் எப்படியும் குறைக்கும்' என்று சமாதானம் சொல்வது மூமினுடைய கணக்கல்ல.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்வது?

"ஸபூர் செய்யுங்கள், விட்டுக் கொடுங்கள்" என்று சொல்வது எளிது. இந்த உபதேசம் பெரும்பாலும் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? பங்கு கேட்கும் பெண்களை நோக்கித்தான். 'அண்ணன்கிட்ட போய்க் கேட்கிறதா? நாளைக்குப் பொறந்த வீடு வேணாமா?' என்று கேட்டே எத்தனையோ சகோதரிகளின் வாயை நாம் அடைத்து வைத்திருக்கிறோம். பெற்றோர் விட்டுச் சென்றதில், அது குறைவானாலும் கூடுதலானாலும், ஆண்களுக்குப் பங்கிருப்பது போலப் பெண்களுக்கும் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் ஆயத்தில் அல்லாஹ்வே விதித்துவிட்டான். அது அண்ணன் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல.

நாட்டுச் சட்டத்திலும் இதற்குத் தடையில்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை முதலில் விட்டுவைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஆகவே தமிழ்நாட்டில் நஞ்சையானாலும் புஞ்சையானாலும் முஸ்லிம் பெண்ணின் பங்கு ஷரீஅத்தின்படியே கணக்கிடப்படும். தன் ஹக்கைக் கேட்டு அப்பீல் போகும் பெண், குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் அல்ல. குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவர், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்தான்.

முழு விவரமும் அறிந்து, மனநிறைவோடு ஒரு பெண் தன் பங்கை விட்டுக் கொடுத்தால் அது வேறு. மனப்பூர்வமான சம்மதமின்றி ஒரு முஸ்லிமின் பொருள் மற்றவருக்கு ஹலாலாகாது என்பது நபிமொழி. கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. பத்திர ஆபீஸ் கையெழுத்தைப் பதிவு செய்யும். சம்மதத்தைப் பதிவு செய்பவர்கள் தோள்களில் இருக்கும் மலக்குகள்.

சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஸயீத் இப்னு ஸைது (ரலி) அவர்கள் மீது ஒரு பெண் நில வழக்கு ஒன்றை மதீனாவின் ஆளுநரிடம் கொண்டு போனாள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் செவியுற்ற நானா அவளுடைய நிலத்தை எடுப்பேன் என்று கேட்டு, அந்த நிலத்தை அவளுக்கே விட்டுவிட்டார்கள். அவள் பொய் சொல்லியிருந்தால் அவளுடைய பார்வை போகட்டும், அவளுடைய நிலத்திலேயே அவள் முடியட்டும் என்ற கருத்தில் துஆச் செய்தார்கள். அவள் கண்ணிழந்து, தன் நிலத்திலிருந்த குழியில் விழுந்து இறந்ததாக முஸ்லிம் ஷரீபில் வருகிறது. அநியாயத்துக்கு ஆளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை. அந்த அப்பீலுக்குக் கெடுவும் இல்லை, கோர்ட் பீஸும் இல்லை.

ஸுல்ஹு என்னும் வழி

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், வழக்காளிகளைச் சமரசம் செய்துகொள்ளத் திருப்பி அனுப்புங்கள், தீர்ப்பு மனங்களில் பகையை விதைக்கிறது என்ற கருத்தில் நீதிபதிகளுக்கு அறிவுறுத்தினார்கள்.

மேலே சொன்ன உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸுக்கு அபூதாவூதில் ஒரு முன்கதை உண்டு. பழைய வாரிசுச் சொத்து ஒன்றைப் பற்றி இருவர் வழக்குக் கொண்டு வந்தார்கள். இருவரிடமும் ஆதாரம் இல்லை. நெருப்புத் துண்டு என்ற சொல்லைக் கேட்டதும் இருவரும் அழுதார்கள். என் ஹக்கு அவருக்கே ஆகட்டும் என்று இருவருமே சொன்னார்கள். வந்தபோது இருவரும் எனக்கு எனக்கு என்றார்கள்; இப்போது இருவரும் உனக்கு உனக்கு என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், நியாயத்தை நாடிப் பங்கிட்டு, சீட்டுப் போட்டு எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஹலாலாக்கிக் கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள்.

இன்று நாட்டுச் சட்டமும் இதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் நடக்கும் லோக் அதாலத்தில், அப்பீலில் இருக்கும் வழக்கைக்கூட இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும். அங்கே எழுதப்படும் முடிவு கோர்ட் டிகிரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. சம்மதத்தோடு முடிந்த வழக்குக்கு அப்பீல் எதற்கு?

ஆனால் ஜமாஅத் பெரியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஹலாலை ஹராமாக்கும் சமரசமும், ஹராமை ஹலாலாக்கும் சமரசமும் சமரசமல்ல என்று ஹதீஸில் வந்திருக்கிறது. 3 மா பங்குள்ள பெண்ணை நடுவில் உட்கார வைத்து, பத்து ஆண்கள் சுற்றி உட்கார்ந்து, 'ஏதோ ஐம்பதாயிரம் வாங்கிக்கிட்டுப் போம்மா' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது ஸுல்ஹு அல்ல. அது பத்திர ஆபீசில் நடந்ததைப் பள்ளிவாசலில் மறுபடி நடத்துவது. முதலில் ஷரீஅத்தின் பங்கு இவ்வளவு என்று அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு எதை விடுவது என்று அவரே முடிவு செய்யட்டும்.

அப்பீல் மனுவில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொருவரும் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நிலம் என்னுடையது என்று அல்லாஹ் முன்னிலையில் சொல்ல என் நாவு வருமா? நான் கேட்பது என் ஹக்கையா, எதிராளியின் சலிப்பையா? இன்றிரவு எனக்கு மவுத்து வந்தால், இந்த வழக்கை என் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்கிறேனா, கடனாக விட்டுச் செல்கிறேனா? மூன்றுக்கும் மனம் அமைதியாகப் பதில் சொன்னால், தயங்காமல் மேலே போங்கள்; அது உங்கள் உரிமை. மனம் தடுமாறினால், வக்கீல் வீட்டுக்குப் போகுமுன் எதிராளி வீட்டுக்குப் போங்கள்.

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். "அல்லாஹ் பரிசுத்தமானவன், பரிசுத்தமானதைத்தான் ஏற்றுக்கொள்வான், பாய். தங்கச்சி நிலத்து ஜெயத்துக்குப் பள்ளியில பாய் விரிச்சா, அதுல நின்னு நான் எப்படித் தொழ வைக்கிறது?" என்று மட்டும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஜும்ஆவுக்கு அவரை முதல் ஸஃப்பில் காணவில்லை. பின்னால் எங்கோ நின்று தொழுதுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். என் சொல் கடுமையாகிவிட்டதோ என்று நானும் வருந்தினேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் ஸுப்ஹுக்குப் பின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நிலத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தங்கச்சி மாப்பிள்ளை ரொம்பக் கோபக்காரர், ஹஜ்ரத். நான் போனா வாசல்லயே நிறுத்திடுவார். நீங்க கூட வர்றீங்களா?" என்றார்.

ஐகோர்ட்டுக்குப் போகத் தங்கைக்கு இருந்த 90 நாளில் அப்போது முக்கால்வாசி கழிந்திருந்தது. நாங்கள் போனோம். வாசலில் நிறுத்தத்தான் செய்தார்கள். உள்ளேயிருந்து அந்தத் தங்கை, "அண்ணனை உட்காரச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்த பிறகே திண்ணையில் இடம் கிடைத்தது. பேச்சு இன்னும் முடியவில்லை. நிலத்தின் கணக்குத் தீர்ந்தாலும், கழிந்துபோன வருஷங்களின் விளைச்சல் கணக்கு இருக்கிறது. அதையும் தாண்டி, ஏமாற்றப்பட்ட ஒரு மனத்தின் கணக்கு இருக்கிறது. அதைத் தீர்க்க எந்தக் கோர்ட்டாலும் ஆகாது. அந்தச் சகோதரி மனம் வைத்து ஹலாலாக்கினால்தான் உண்டு.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பிறர் ஹக்கை அறிந்து கொடுக்கும் மனத்தையும், நம் ஹக்கை நியாயமாகக் கேட்கும் துணிவையும் தந்தருள்வானாக! அவன் மஹ்கமாவில் நிற்கும் நாளுக்கு முன்பே நம் வழக்குகளையெல்லாம் இந்தத் துன்யாவிலேயே முடித்துக்கொள்ளத் தவ்பீக் செய்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.